ஊரிலை எவடம்?



நான் எழுத்தாளன் இல்லை. ஏ.எல். வரை படித்தவன். லண்டனில் ஒரு தொழிற்சாலையில் சான்விச் பொதி செய்கிற வரிசையில் இரவு வேலை செய்கிறவன். மலருக்கு ஏதாவது எழுதித் தாரும் எண்டு சங்கத்தில் கேட்டார்கள். கவிதை எனக்கு வராது எண்டு சொன்னேன். "அப்ப வரலாறு ஏதும் எழுதும்" எண்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வரலாற்றை எழுதுகிறேன். இது மன்னர்களின் வரலாறு இல்லை.

சங்கத்து விழாவுக்குப் போனால் பெரியவர்கள் அன்பாக வந்து கதைப்பார்கள். முதல் கேள்வி "தம்பி ஊரிலை எவடம்?" என்பதுதான். கிளிநொச்சி என்பேன். "கிளிநொச்சியிலை எவடம்?" பாரதிபுரம் என்பேன். "அதுக்கு முதல் சொந்த ஊர் எது?" அம்மாயி ஆக்கள் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலை இருந்து வந்தவை என்பேன். "ஓ..." என்பார்கள். அந்த "ஓ" கொஞ்சம் நீளமாக இருக்கும். அதுக்குப் பிறகு கதை குளிரைப் பற்றிப் போய்விடும்.

ஒருவரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அந்த "ஓ" எங்கேயிருந்து வந்தது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். நூலகத்தில் கிடைத்ததை வாசித்தும் பார்த்தேன். அதன் வயது ஏறக்குறைய இருநூறு வருடம்.

வர்க்கமும் அந்தஸ்தும்

கார்ல் மார்க்ஸ் இந்த லண்டன் மாநகரத்திலேதான் வாழ்ந்து 1883இல் இறந்தார். ஹைகேற் மயானத்தில் அவரது கல்லறை இருக்கிறது. நிலமும் ஆலையும் யாரிடம் இருக்கிறது, உழைப்பை மட்டும் விற்றுச் சீவிக்கிறவர் யார் என்று பார்த்தால் ஒரு சமூகத்தின் வர்க்கங்களைக் கண்டுகொள்ளலாம் என்றார் அவர். அந்தக் கணக்கில் எங்கள் வரிசையில் நிற்கிற எல்லோரும் ஒரே வர்க்கம். யாழ்ப்பாணத்து அண்ணையும், மட்டக்களப்புத் தம்பியும், போலந்துக்காரியும், நானும் ஒரே மணித்தியாலச் சம்பளத்துக்குத்தான் நிற்கிறோம்.

அவருக்குப் பின் வந்த ஜேர்மன் சமூகவியலாளர் மக்ஸ் வெபர் இதை இன்னொரு விதமாகப் பார்த்தார். சொத்து ஒன்று, அந்தஸ்து இன்னொன்று, அதிகாரம் வேறொன்று என்று பிரித்தார். இந்த மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும், ஆனால் எப்போதும் ஒன்றாகவே இருக்காது. கையில் காசில்லாதவனுக்கும் அந்தஸ்து இருக்கலாம். காசு வந்தவனுக்கும் அந்தஸ்து கிடைக்காமல் போகலாம். தொழிற்சாலையில் ஒன்றாக நிற்கிற நாங்கள் மண்டபத்தில் ஏன் வேறு வேறாக இருக்கிறோம் என்பது இதை வாசித்தபோதுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் பிறக்க முதலே யாரோ போட்டுவைத்த அடுக்கு அது. யார் போட்டார்கள்?

கடனோடு தொடங்கிய வாழ்க்கை

1820களில் பிரித்தானியர் கண்டிப் பக்கத்து மலைகளில் கோப்பித் தோட்டங்களைத் தொடங்கினார்கள். கிடைத்த கூலிக்கு அந்த வேலை செய்யச் சிங்களக் கிராமத்தவர்கள் பெரும்பாலும் வரவில்லை. அவர்களுக்குச் சொந்த வயல் இருந்தது. தமிழ்நாட்டின் வரண்ட மாவட்டங்களில் பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் மக்களை நெருக்கிக்கொண்டிருந்தன. வந்தவர்களில் பெரும்பகுதியினர் சொந்த நிலமில்லாத, ஒடுக்கப்பட்ட சாதியினர். கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியில் செத்தவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள்.

அவர்களைக் கூட்டிவந்தவர் கங்காணி. வழிச்செலவுக்கும் சாப்பாட்டுக்கும் என்று முன்பணம் கொடுப்பார். அது கடன். தோட்டத்துக்கு வந்து சேரும்போதே ஆள் கடன்காரன். சம்பளத்தைப் பிந்திக் கொடுப்பார்கள், அதுக்குள் அரிசிக் கடன் ஏறிவிடும். வேறு தோட்டத்துக்குப் போகவேணும் என்றால், இவர்களின் கடன் இவ்வளவு, அதைத் தந்தால் விடுவோம் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அதன் பெயர் துண்டு. புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுக்கும். கடன் தீராது. யாருக்குக் கடன்காரன் என்பதுதான் மாறும். துண்டு முறையை 1921இல் சட்டம் போட்டுத்தான் நிறுத்தினார்கள்.

கோப்பியை 1869இல் வந்த இலை நோய் அழித்தது. அதுக்கு முதலே, 1867இல், ஜேம்ஸ் ரெயிலர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையை நட்டிருந்தார். 1873இல் அவருடைய தேயிலை முதன்முதலாக லண்டனுக்கு வந்தது. வெறும் 23 இறாத்தல். 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கையில் தோட்டங்களை வாங்கினார். பல தோட்டங்களின் உரிமை லண்டனில் பதிந்த கம்பனிகளின் கைக்குப் போனது. இண்டைக்கு எங்கள் கன்ரீனில் தேத்தண்ணிப் பையைச் சுடுதண்ணிக்குள் போடுகிறபோது இதெல்லாம் எனக்கு ஞாபகம் வரும்.

கோப்பிப் பழம் பறிக்கிற காலத்துக்கு வந்து, முடிய ஊருக்குத் திரும்பிப் போகலாம். தேயிலைக் கொழுந்து வருடம் முழுதும் பறிக்கவேணும். அதனால் குடும்பம் குடும்பமாகத் தங்கினார்கள். தங்கினது லயன் காம்பராவில். ஒரே கூரையின் கீழ் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், ஒரு குடும்பத்துக்கு ஒன்று. காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். நிலம், வீடு, கடை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் தோட்டத்தின் கையில். உச்சியில் துரை, அதுக்குக் கீழே கிளாக்கர், கண்டக்டர், கணக்கப்பிள்ளை, பிறகு கங்காணி, அடியில் தொழிலாளி. அவர்களிலும் அடியில் பெண்கள். கொழுந்து பறித்தது அவர்கள்தான், ஆனால் ஆணுக்குச் சமமான சம்பளம் அவர்களுக்குக் கிடைத்தது 1984இல்தான்.

1948: வாக்கைப் பறித்த சட்டம்

1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் இந்திய வம்சாவளித் தமிழர் ஏறக்குறைய 7 லட்சத்து 80 ஆயிரம் பேர், நாட்டின் சனத்தொகையில் 11.7 வீதம். 1947 தேர்தலில் அவர்கள் தங்கள் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகள் வெல்வதற்கும் அவர்களது வாக்கு உதவியது. முதலாளிமாருக்கு இது பிடிக்குமா?

அடுத்த வருடமே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன், அல்லது பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்தவர்கள் என்று நிரூபிக்கவேணும். கூலியாக நடந்து வந்தவனின் பேரன் எந்தப் பத்திரத்தைக் காட்டுவான்? 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. அதன் கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பித்தார்கள். கிடைத்தது ஏறக்குறைய 134,000 பேருக்கு. அதே 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, பிரசை இல்லாதவரின் வாக்கை எடுத்தார்கள். 1952 தேர்தலில் அந்த மக்களின் பிரதிநிதி ஒருவரும் இல்லை.

இதை எங்கள் மேடைகளில் இனவாதச் சட்டம் என்று சொல்வோம். அது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை. இது வர்க்கச் சட்டமும்தான். கூலித் தொழிலாளியின் வாக்குக்கும் தொழிற்சங்கத்துக்கும் பயந்துதான் அதைச் செய்தார்கள். அதே நேரத்தில் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்த தமிழ்ப் படித்த வர்க்கம் என்ன செய்தது? தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் 1948இல் டீ. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் சேர்ந்தார். செல்வநாயகம், வன்னியசிங்கம் போன்றவர்கள் அவரை எதிர்த்துப் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். அவர்களை மறக்கக்கூடாது. ஆனால் லட்சக்கணக்கான தமிழர் நாடற்றவர்கள் ஆனபோது வடக்கில் எத்தனை வீட்டில் அடுப்பு எரியாமல் இருந்தது?

படிப்பு என்கிற ஏணி

எங்கள் சமூகம் படிப்பால் முன்னேறின சமூகம் என்று பெருமையாகச் சொல்வோம். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசன் 1816இல் வந்தது. 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியது. அதுக்குப் போட்டியாகச் சைவப் பள்ளிக்கூடங்கள் வந்தன. அந்தப் படிப்பால் கிளாக்கர் வேலை, ரெயில்வே, தபால் கந்தோர், மலாயாவில் உத்தியோகம் என்று கிடைத்து, காணியும் கல்வீடும் வந்தன. நல்ல விசயம். ஆனால் அந்த ஏணியில் யாழ்ப்பாணத்திலேயே எல்லோரையும் ஏறவிட்டார்களா? ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்தில் இருந்துதான் படித்தார்கள். உதவிபெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வேணும் என்று அரசாங்கம் 1929-30 காலத்தில் உத்தரவிட்டபோது அதை எதிர்த்தவர்களும் எங்கள் ஆக்கள்தான். கோயிலுக்குள் விடச் சொல்லி 1968இல் மாவிட்டபுரத்தில் போராடவேண்டி இருந்தது. சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது என்பதையும் கவனியுங்கள்.

தோட்டத்தில் ஏணியே இல்லை. 1945இல் இலவசக் கல்வி வந்தது, ஆனால் தோட்டப் பள்ளிக்கூடங்கள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்தன. ஒரு அறை, ஒரு வாத்தியார், பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு சரி. 1970களில்தான் அரசாங்கம் அவற்றை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கியது. படிக்கவேண்டிய வயதில் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வசதியான வீடுகளில் வேலைக்கு நின்றார்கள்.

1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல் எங்கள் மாணவர்களுக்குப் பெரிய காயம். அதைப் பற்றி ஒவ்வொரு வருடமும் கதைக்கிறோம். கதைக்கத்தான் வேணும். ஆனால் அந்தக் காயம் படுவதுக்குக்கூட முதலில் ஒரு ஏ.எல். வகுப்பு வேணும். தோட்டத்துப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் அந்த வாசலுக்கே வரவில்லை.

அம்மாயி வன்னிக்கு வந்த கதை

1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 150,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அந்த மக்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. அம்மாயியின் தங்கச்சி குடும்பம் இந்தியாவுக்குப் போனது. அம்மாயி நின்றுவிட்டா. அதுக்குப் பிறகு இரண்டு பேரும் சந்திக்கவில்லை.

1973, 74இல் தோட்டங்களில் பஞ்சம். மாவும் அரிசியும் இல்லாமல் ஆட்கள் செத்தார்கள். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. சில இடங்களில் தோட்டத்து ஆட்களை அடித்து விரட்டினார்கள். 1977 ஆவணியில் கலவரம். அம்மாயி இரண்டு பிள்ளைகளோடும் ஒரு சாக்குப் பையோடும் வன்னிக்கு வந்தா. அந்தக் காலத்தில் காந்தீயம் என்ற அமைப்பு இப்படி வந்தவர்களைக் குடியேற்றியது. அதை நடத்தின டேவிட் ஐயாவையும் டொக்டர் இராஜசுந்தரத்தையும் 1983இல் பிடித்துச் சிறையில் போட்டார்கள். வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் டொக்டர் இறந்தார். எங்களுக்காக உயிர் கொடுத்த வடக்குத் தமிழரும் இருக்கிறார்கள். அதையும் எழுதவேணும்.

வன்னியில் என்ன நடந்தது? 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்துக்குப் பிறகு கிளிநொச்சியில் குளத்துத் தண்ணி பாயும் வயல்களை அரசாங்கம் பகிர்ந்து கொடுத்தது. அதைப் பெற்றவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள். 1977க்குப் பிறகு வந்தவர்களுக்குத் தண்ணி பாயாத காட்டோரம்தான் மிச்சம். அதுக்கும் பலரிடம் உறுதி இல்லை. ஆக, காட்டை வெட்டினதும் நாங்கள், நாத்து நட்டதும் நாங்கள், நெல்லு மட்டும் வேறு வீட்டுக்குப் போனது. அம்மாயி சொல்லுவா: "அங்க தொர, இங்க மொதலாளி. தமிழுல பேசுறாங்க, அதான் வித்தியாசம்."

நான் பள்ளிக்கூடத்தில் "அம்மாயி" என்று சொன்னதுக்குப் பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த நாளிலிருந்து வெளியில் "அம்மம்மா" என்று சொல்லப் பழகினேன். தோட்டக்காட்டான் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது தமிழ் வாயிலிருந்துதான், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில்தான். பிறகு சண்டை வந்தது. 2009இல் முள்ளிவாய்க்காலில் ஒரே பங்கருக்குள் இருந்தோம். அங்கே ஒருவரும் எவடம் என்று கேட்கவில்லை.

எங்கள் எல்லோருடைய துண்டு

அகதியாக வெளிநாட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் சமம் என்று சொல்வார்கள். ஆனால் வெளிக்கிடவே காசு வேணும். ஏஜென்சிக்குக் கட்ட ஈடு வைக்கக் காணி வேணும், நகை வேணும், அல்லது வெளியில் ஒரு சொந்தம் வேணும். மூன்றும் இல்லாதவன் எங்கே நின்றான்? முகாமில் நின்றான், அல்லது இந்தியாவுக்கு வள்ளத்தில் போனான். ஒரு குடும்பத்தில் முதலில் யார் வெளிக்கிட்டார் என்று பார்த்தாலே அந்தக் குடும்பத்துக்கு ஊரில் என்ன இருந்தது என்று சொல்லிவிடலாம். எங்கள் குடியிருப்பில் இருந்து லண்டனுக்கு வந்தவன் எனக்குத் தெரிய நான் ஒருவன்தான்.

நான் எப்படி வந்தேன்? அம்மா தன்னுடைய தோட்டையும் ஒட்டியாணம் மாதிரிக் காத்த ஒரு சங்கிலியையும் விற்றா. மிச்சத்தை வட்டிக்கு எடுத்தோம். அதைக் கட்டி முடிக்க எனக்கு ஆறு வருடம் சென்றது. அந்த ஆறு வருடமும் வேலையை விட ஏலாது, சம்பளத்தைக் கூட்டிக் கேட்கப் பயம், சுகமில்லை என்று நிற்கப் பயம். ஒரு நாள் இரவு வரிசையில் நிற்கும்போதுதான் எனக்குப் பட்டது, நானும் அம்மாயியின் பூட்டன் மாதிரி ஒரு துண்டோடைதான் வந்திருக்கிறேன் என்று. முன்பணம், வழிச்செலவு, கடன், அது தீருமட்டும் வேலை. கங்காணியின் பெயர்தான் மாறியிருக்கிறது.

இதை வாசிக்கிற உங்களில் எத்தனை பேர் அப்படி வந்தீர்கள்? யாழ்ப்பாணத்துக் கல்வீட்டில் பிறந்தவரும் இங்கே பெற்றோல் செற்றில் இரவிரவாக நின்று ஏஜென்சிக் கடன் கட்டினவர்தானே. அந்தச் சீவியம் உங்களுக்குத் தெரியும். அப்படியென்றால் தோட்டத்து மக்களின் சீவியமும் உங்களுக்குப் பாதி தெரியும். நீங்கள் பத்து வருடத்தில் கடனிலிருந்து வெளியில் வந்தீர்கள். அவர்கள் நாலைந்து தலைமுறையாக வரவில்லை. அவர்கள் சோம்பேறிகள் என்பதால் இல்லை. நிலம் கொடுக்கவில்லை, பள்ளிக்கூடம் கொடுக்கவில்லை, வாக்கையும் எடுத்தார்கள். நாடற்ற நிலைமையைத் தீர்க்க 1988இலும் 2003இலும் சட்டங்கள் வரும்வரை காத்திருந்தார்கள். ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபா சம்பளத்துக்குப் பல வருடம் போராடி, அது வர்த்தமானியில் வந்தது 2021இல். முன்னோர் நடந்து வந்த வழியில், தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, 2023இல் பலர் திரும்ப நடந்து காட்டினார்கள். இருநூறு வருடம் உழைத்த நாங்களும் இந்த நாட்டு மக்கள் என்று சொல்லத்தான் நடந்தார்கள்.

ஏழ்மை தலையெழுத்து என்று ஊரில் சொல்வார்கள். எழுதினது தலையில் இல்லை. துண்டிலும் சட்டப் புத்தகத்திலும் காணி உறுதியிலும்தான் எழுதினார்கள். மனிசன் எழுதினதை மனிசன் மாற்றி எழுதலாம்.

கடைசியாக இரண்டு விசயம். எங்கள் சங்கம் ஒவ்வொரு வருடமும் ஊரில் படிக்கிற பிள்ளைகளுக்குக் காசு அனுப்புகிறது. பழைய மாணவர் சங்கம் உள்ள பெரிய பள்ளிக்கூடங்களுக்கு அனுப்ப ஆட்கள் இருக்கிறார்கள். பழைய மாணவர் ஒருவரும் வெளிநாட்டில் இல்லாத பள்ளிக்கூடங்களுக்கு யார் அனுப்புவது? இந்த வருடம் அதில் ஒரு பங்கை வன்னிக் காட்டோரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கும், மலையகத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கும் ஒதுக்கவேணும் என்று பொதுக்கூட்டத்தில் கேட்க இருக்கிறேன். ஆதரவு தாருங்கள்.

மற்றது, இந்த வருட விழாவிலும் என்னிடம் "ஊரிலை எவடம்?" என்று கேளுங்கள். கேட்பதில் பிழையில்லை. ஊரை விட்டு வந்தவனுக்கு ஊர்க்கதை கேட்க ஆசை இருக்கும்தானே. நான் சொன்ன பிறகு "ஓ" என்று நிற்பாட்டாமல், "அங்கை ஆக்கள் எப்படி இருக்கினம்?" என்று இன்னொரு கேள்வி கேளுங்கள். சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது. தேத்தண்ணி குடித்துக்கொண்டு கதைப்போம்.